பேகன் புத்தகங்களில் எதை நம்பலாம்? நூலக அலமாரியில் கற்றுக்கொண்டவை

இங்கிலாந்தின் தென்மேற்கில் ஒரு சின்ன ஊரில் பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மதம், தத்துவம் சம்பந்தப்பட்ட அலமாரிகள் என் பொறுப்பு. எதை வாங்கலாம் என்று பரிந்துரை எழுதுவது, எதைக் கழித்துவிடலாம் என்று முடிவு செய்வது, வந்து கேட்பவர்களுக்குத் தேடி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். இங்கே வந்த பிறகுதான் பேகன் மதங்கள் என்று ஒரு தனி உலகம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களையும் பருவ காலங்களையும் இந்தக் காலத்தில் வழிபடுகிறவர்கள் இவர்கள். விக்கா என்று ஒரு பிரிவு, ட்ரூயிட்கள் என்று ஒரு பிரிவு, ஓடின், தோர் போன்ற வடபுலத்துத் தெய்வங்களைக் கும்பிடும் ஹீத்தன்கள் என்று இன்னொரு பிரிவு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்றும், சுமார் 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கோயிலும் கிடையாது, பூசாரியும் கிடையாது, எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு வேதமும் கிடையாது. கடையிலோ நூலகத்திலோ கைக்குக் கிடைக்கிற புத்தகத்தை வைத்துத்தான் தொடங்குகிறார்கள். அந்தப் புத்தகத்தை எழுதியவர் பொய் சொன்னால் வாசிப்பவருடைய வழிபாடே பொய்யின் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது.

எங்கள் நூலகத்தில் பழைய பிரதிகள் 133.43 என்ற எண்ணில், பேய்க்கும் ஜோசியத்துக்கும் பக்கத்தில் கிடந்தன. புதியவை 299.94ல், மற்ற மதங்களின் வரிசையில் வந்தன. இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வேலையில்தான் ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தேன், அப்புறம் நிறுத்த முடியவில்லை. நான் பேகன் கிடையாது. ஆனால் இந்த அலமாரிக்கு வருகிறவர்கள் விளையாட்டுக்கு வருவதில்லை, மனதில் ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் கையில் குப்பையைக் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

முதலில் ஜெரால்ட் கார்ட்னரைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இங்கே இருக்கும் குழப்பத்திலும் நல்லதிலும் பாதி அவரிடமிருந்து வந்ததுதான். 1884ல் லிவர்பூல் அருகே பிறந்தவர், இளவயதில் சிலோனில் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர், அப்புறம் மலாயாவில் ரப்பர் தோட்டம், சுங்கத்துறை உத்தியோகம், 1936ல் ஓய்வு. சூனியத்துக்கு எதிரான சட்டத்தை பிரிட்டன் 1951ல் நீக்கியது. 1954ல் அவர் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற புத்தகத்தை வெளியிட்டார். நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழங்கால மதம் ரகசியமாகப் பிழைத்திருந்தது, அந்தக் கூட்டத்தில் தனக்கு 1939ல் தீட்சை கிடைத்தது என்பது அவர் சொன்ன கதை. அதற்கு முன்னுரை எழுதியவர் மார்கரெட் மர்ரே.

இந்த மர்ரே சாதாரண ஆள் இல்லை, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் எகிப்தியல் அறிஞர். ஆனால் 1921ல் தன் துறையை விட்டு வெளியே வந்து, ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய மதத்தைப் பின்பற்றியவர்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் சூனியம் பற்றிய கட்டுரையையும் 1929ல் அவரே எழுதினார், அது பல பத்தாண்டுகள் அப்படியே வந்துகொண்டிருந்தது. 1975ல் நார்மன் கோன் என்ற வரலாற்றாசிரியர் மர்ரே மேற்கோள் காட்டிய விசாரணைப் பதிவுகளை எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். காற்றில் பறந்தேன், மிருகமாக மாறினேன் என்று நம்ப முடியாத வாக்குமூலங்கள் வரும் இடங்களையெல்லாம் மர்ரே விட்டுவிட்டு, நடக்கக் கூடியது போலத் தோன்றும் வரிகளை மட்டும் எடுத்துப் போட்டிருந்தார். இதைப் படித்த நாளிலிருந்து நான் பட்டத்தையும் பதவியையும் பார்த்து மயங்குவதில்லை. எந்தத் துறையில் பட்டம், எந்தத் துறையில் புத்தகம் என்று இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். மேற்கோளுக்கு நடுவில் மூன்று புள்ளி வந்தால் அங்கே என்ன இருந்தது என்று முடிந்தவரை தேடிப் பார்க்கிறேன்.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிறவர் டோரீன் வாலியன்டே. 1953ல் கார்ட்னரிடம் தீட்சை பெற்றவர், நன்றாக எழுதத் தெரிந்தவர். கார்ட்னர் பழங்காலச் சடங்கு நூல் என்று காட்டியதில் பல வரிகள் மந்திரவித்தை பற்றி எழுதிய ஆங்கிலேயர் அலிஸ்டர் க்ரோலி எழுதியவை என்று கண்டுபிடித்து, அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். தனக்குக் கிடைத்தவை துண்டு துண்டாக இருந்தன, இட்டு நிரப்பினேன், உன்னால் இன்னும் நன்றாகச் செய்ய முடிந்தால் செய் என்கிற மாதிரி கார்ட்னர் பதில் சொல்ல, இவரும் உட்கார்ந்து செய்தார். இன்றைக்கு விக்காவில் மிக அழகானது என்று எல்லோரும் சொல்லும், சடங்கில் ஓதுகிற 'தேவியின் வாக்கு' என்ற உரை, இப்போதிருக்கும் உருவத்தில் பெரும்பாலும் இவர் எழுதியது.

1957ல் நடந்ததுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. கார்ட்னர் பத்திரிகைகளில் விளம்பரம் தேடி அலைகிறார், ரகசியம் போய்விடுகிறது என்று கூட்டத்தில் சிலருக்கு வருத்தம். சில விதிகளை எழுதி அவரிடம் கொடுத்தார்கள். அவர் பதிலுக்கு, இதற்கெல்லாம் அவசியமே இல்லை, பழைய சட்டங்கள் ஏற்கனவே இருக்கின்றன என்று ஒரு நீளமான பட்டியலை நீட்டினார். மொழி பழையது போல இருந்தது. அதில் ஒரு சட்டம், தலைமைப் பூசாரிணி வயதாகும்போது இளையவளுக்கு இடம் விட்டு முறையாக விலகிக்கொள்ள வேண்டும் என்றது. அப்போது தலைமைப் பூசாரிணி வாலியன்டே! இத்தனை வருடம் கண்ணில் படாத சட்டம், தகராறு வந்த மாதத்தில் எங்கிருந்து வந்தது? அவர் அதை நம்பவில்லை, தன் பக்கம் நின்றவர்களோடு விலகிவிட்டார். ஒரு பழைய ஆவணம் யாருக்கு எப்போது வசதியாக இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இதிலிருந்து வந்தது. பாட்டி ரகசியமாகக் கொடுத்தது, திபெத்தில் ஒரு துறவி தந்தது, கையெழுத்துப் பிரதி என்னிடம் இருக்கிறது ஆனால் காட்ட மாட்டேன் என்று ஆரம்பிக்கும் புத்தகத்தை எடுத்தால், அந்த ரகசியம் எழுதியவருக்கு என்ன அதிகாரத்தைக் கொடுக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் வாலியன்டே கார்ட்னரைக் கேவலப்படுத்தி எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூ ஃபாரஸ்ட் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று கார்ட்னர் சொன்ன டோரத்தி என்ற பெண்மணி கற்பனை என்று ஒரு பேராசிரியர் எழுதியபோது, இவர் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைத் தேடி அலைந்து, டோரத்தி கிளட்டர்பக் 1880ல் வங்காளத்தில் பிறந்து 1951ல் இறந்த நிஜ மனுஷி என்று நிரூபித்தார். அந்த அம்மா உண்மையிலேயே விட்ச்தானா என்பது வேறு கேள்வி, அதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் தனக்குச் சாதகமோ பாதகமோ, போய்ப் பார்த்துவிட்டு எழுதுவது என்ற குணம் இருக்கிறதே, ஒரு ஆசிரியரிடம் நான் தேடுவது அதைத்தான்.

சரி, ஒரு புதுப் புத்தகம் கைக்கு வந்தால் என்ன செய்கிறேன்? பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். குறிப்புகள் இருக்கின்றனவா, அவை எங்கே போய் முடிகின்றன என்று பார்க்கிறேன். இந்தத் துறையில் பத்துப் புத்தகம் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு வட்டமடிக்கும், மூலத்துக்கு யாருமே போயிருக்க மாட்டார்கள். ட்ரூயிட்கள் தங்களைப் பற்றி எதையும் எழுதி வைக்கவில்லை. நமக்கு இருப்பது சீசர் போன்ற வெளியாட்கள் எழுதியது, பிற்காலத்துத் துறவிகள் எழுதிய ஐரிஷ், வெல்ஷ் கதைகள், அகழாய்வு. அதற்கு மேல் ட்ரூயிட்களின் அன்றாடச் சடங்கை விவரமாக ஒருவர் சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். பெரும்பாலும் அயோலோ மோர்கன்வுக்கிடம் போய் முடியும். எட்வர்ட் வில்லியம்ஸ் என்பது இயற்பெயர். 1792ல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கூழாங்கற்களை வட்டமாக வைத்து ஒரு சடங்கு நடத்தி, அது பண்டைக்காலம் முதல் அறுபடாமல் வருவது என்றார். அவர் வெளியிட்ட பழைய கையெழுத்துப் பிரதிகளில் நிறைய அவரே எழுதியவை என்பது 20ஆம் நூற்றாண்டு ஆராய்ச்சியில்தான் தெளிவாயிற்று. ஆனாலும் அந்தச் சடங்கு வேல்ஸின் தேசிய ஐஸ்டெட்வோட் விழாவில் இன்றும் நடக்கிறது, ஜனங்கள் மனதாரக் கலந்துகொள்கிறார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இருநூறு வருடப் பழக்கத்தை இருநூறு வருடப் பழக்கம் என்று சொன்னாலே போதும், அதற்கே மரியாதை உண்டு.

சில அடையாளங்கள் இருக்கின்றன, ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சூனிய வேட்டையில் 90 லட்சம் பெண்களை எரித்தார்கள் என்று ஒரு புத்தகம் சொன்னால் எழுதியவர் கடந்த நாற்பது வருட ஆராய்ச்சியைப் படிக்கவில்லை. அந்த எண், வொய்க்ட் என்ற ஜெர்மன்காரர் 1784ல் ஒரே ஒரு ஊரின் பதிவுகளை வைத்து ஐரோப்பா முழுமைக்கும் பல நூற்றாண்டுகளுக்கும் பெருக்கிப் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்தது. இன்றைய வரலாற்றாசிரியர்கள் 40,000 முதல் 60,000 வரை என்கிறார்கள், அதில் ஆண்களும் உண்டு. அதுவே பயங்கரமான கொடுமைதான், பெருக்கிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. அக்டோபர் கடைசியில் வரும் சவின் என்ற ஐரிஷ் பண்டிகையின் பெயரில் ஒரு மரண தேவன் இருந்தான் என்று எழுதினால் சந்தேகப்பட வேண்டும், ஐரிஷ் மூலங்களில் அப்படி ஒரு தேவன் கிடையாது. பதின்மூன்று மரங்களின் கெல்டிக் நாட்காட்டி பண்டைக்காலத்தது என்றால், அது ராபர்ட் கிரேவ்ஸ் என்ற கவிஞர் 1948ல் தன் புத்தகத்தில் கட்டியது. பழங்கால அயர்லாந்தின் சடங்கு என்று சொல்லி உருளைக்கிழங்கைப் படைக்கச் சொன்ன புத்தகத்தையும் கையில் எடுத்திருக்கிறேன். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்.

எனக்கு இருக்கும் இன்னொரு வசதி, இந்தப் புத்தகங்கள் அடிக்கடி இந்தியாவுக்குள் வந்துவிடும். தேவியைக் கன்னி, தாய், கிழவி என்று மூன்றாகப் பிரித்து, கிழவி இடத்தில் காளியைக் கொண்டுபோய் வைப்பார்கள். காளியை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பொருந்தாதது என்று சொல்ல வேண்டியதில்லை. அதே மாதிரி ஏழு சக்கரங்களுக்கும் வானவில்லின் ஏழு நிறங்களை வரிசையாகக் கொடுத்து ஐயாயிரம் வருட ஞானம் என்பார்கள். மேற்கில் எல்லோரும் பின்பற்றுவது, ஜான் உட்ராஃப் 1919ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த 16ஆம் நூற்றாண்டு சமஸ்கிருத நூலைத்தான். அதில் மூலாதாரத்தின் பூமி மண்டலம் மஞ்சள், சுவாதிஷ்டானத்தில் வெள்ளைப் பிறை, மணிபூரகத்தில் சிவப்பு முக்கோணம். வானவில் வரிசை 20ஆம் நூற்றாண்டில் மேற்கில் வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்த இடத்தில் சோம்பேறித்தனமாக எழுதுகிறவர், எனக்குத் தெரியாத வெல்ஷ் விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்திருப்பாரா? யாருக்கும் இந்த வழி உதவும். நீங்கள் நர்ஸ் என்றால் மூலிகை அத்தியாயத்தை முதலில் படியுங்கள், தோட்டக்காரர் என்றால் செடிகளைப் பற்றிய பக்கத்தை.

பழமை இல்லாத புத்தகங்கள் எல்லாம் மோசம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். ஸ்காட் கன்னிங்ஹாம் 1988ல் எழுதிய, தனியாக வழிபடுகிறவர்களுக்கான விக்கா கையேடு எங்கள் நூலகத்தில் தேய்ந்து கிழிந்து மறுபடி வாங்கிய புத்தகம். அதில் ரகசியப் பரம்பரை என்ற மிரட்டல் இல்லை. நீங்களே உங்கள் வழிபாட்டை அமைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொடுக்கிறார், எளிமையாக, அன்பாக. இலையுதிர் காலச் சம இரவு நாளுக்கு மேபன் என்ற பெயரை வைத்த எய்டன் கெல்லி, அதை 1970களில் நான்தான் வைத்தேன் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரைப் பழங்காலப் பெயர் என்று எழுதியது அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

ஸ்டார்ஹாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1979ல் எழுதிய 'தி ஸ்பைரல் டான்ஸ்' இதைவிட நல்ல உதாரணம். முதல் பதிப்பில் அந்த 90 லட்சம் கணக்கும் இருந்தது, ஆண் சக்தி பெண் சக்தி என்று எல்லாவற்றையும் இரண்டாகப் பிரிக்கும் பார்வையும் இருந்தது. பத்தாவது வருடப் பதிப்பிலும் இருபதாவது வருடப் பதிப்பிலும் மூலத்தை அப்படியே விட்டுவிட்டு, குறிப்புகளில் தனக்குத்தானே மறுப்பு எழுதியிருக்கிறார். எண் அதிகமாக இருக்கலாம் என்கிறார், அந்த ஆண்-பெண் பிரிவை இப்போது அப்படி எழுத மாட்டேன் என்கிறார். வாசகர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போயிருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்தால் நான் முதலில் பார்ப்பது புது முன்னுரையைத்தான், என்ன மாறியது என்று சொல்கிறாரா இல்லையா என்று.

வரலாற்றுக்கு பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ரொனால்ட் ஹட்டன். 1999ல் வந்த 'தி ட்ரையம்ப் ஆஃப் தி மூன்' விக்கா எப்படி உருவானது என்று ஆதாரத்தோடு சொல்கிறது, படித்த பேகன்கள் பலரே அதை மதிக்கிறார்கள். அதற்காக அவரையும் வேதமாக்க வேண்டாம். நியூஸிலாந்தைச் சேர்ந்த பென் விட்மோர் என்ற பேகன் 2010ல் அவரை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார், ஹட்டன் பதில் எழுதினார், 2019ல் தன் புத்தகத்தைத் திருத்திப் புதுப் பதிப்பும் கொண்டுவந்தார். எதிர்க்கேள்வி வந்தபோது ஒரு ஆசிரியர் எப்படி நடந்துகொண்டார் என்பது எனக்கு முக்கியம். கேள்வி கேட்டவனைப் பொறாமைக்காரன், நம்பிக்கையில்லாதவன் என்று திட்டி முடித்துவிடுகிறவர்களின் புத்தகத்துக்கு நான் பரிந்துரை எழுதுவதில்லை.

இப்போது கஷ்டமான பகுதி. புத்தகம் நன்றாக இருக்கிறது, எழுதியவர் மோசமானவர் என்றால்? மேரியன் ஸிம்மர் பிராட்லி 1983ல் எழுதிய 'தி மிஸ்ட்ஸ் ஆஃப் அவலான்' நாவலைப் படித்துத்தான் தேவி வழிபாட்டுக்கு வந்தேன் என்று சொல்லும் பெண்கள் நிறைய. 2014ல் அவருடைய மகளே, அம்மா தன்னைச் சிறுவயதில் பாலியல் ரீதியாகக் கொடுமைப்படுத்தினார் என்று வெளியே சொன்னார். பிராட்லி 1999லேயே இறந்துவிட்டவர். பிரிட்டனில் அவருடைய மின்நூல்களை விற்ற கொலான்ஸ் பதிப்பகம் அந்த வருமானத்தைச் சேவ் தி சில்ட்ரன் அமைப்புக்குக் கொடுப்பதாக அறிவித்தது. அதே 2014ல் கென்னி க்ளைன் என்ற பேகன் இசைக்கலைஞரும் எழுத்தாளருமானவர் குழந்தைகளின் பாலியல் படங்களை வைத்திருந்ததற்காக நியூ ஆர்லியன்ஸில் கைதாகி, 2017ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. கைதான பிறகு பலர், அவரைப் பற்றி முன்னாலேயே சொன்னோம், யாரும் காது கொடுக்கவில்லை என்றார்கள்.

என் முடிவு இது, எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. நாவலை அலமாரியில் வைத்திருக்கிறேன், கேட்டால் எழுதியவரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் தீட்சை, உடல், பாலியல், குருவுக்கு அடங்குவது பற்றிய கையேடு என்றால் எழுதியவரின் நடத்தையைப் புத்தகத்திலிருந்து பிரிக்க முடியாது, ஏனென்றால் அவர் வாசகரின் உடம்பைப் பற்றிப் பேசுகிறார். வயது வராதவர்களைப் பற்றி எச்சரிக்கை இல்லையென்றாலும், மறுப்புச் சொல்வதை ஆன்மிகத் தடை என்று சொல்லும் வரி ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தப் புத்தகத்தை நான் வாங்கச் சொல்வதில்லை.

வடபுலத்துத் தெய்வங்கள் பற்றிய புத்தகங்களில் இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும், தோல் நிறம் வேறாக இருக்கும் எனக்கு இது வெறும் ஆராய்ச்சி விஷயம் கிடையாது. ரத்தம், முன்னோர் என்று அடிக்கடி வந்தால் நிதானமாகப் படியுங்கள். மதம் மரபணுவில் இறங்கி வருகிறது என்று ஸ்டீஃபன் மெக்னாலன் 1980களில் முன்வைத்த 'மெட்டாஜெனடிக்ஸ்' என்ற கருத்து பல புத்தகங்களில் பெயர் சொல்லாமல் நுழைந்திருக்கிறது. வடபுலத்தின் பழைய எழுத்துகளான ரூன்கள் பதினெட்டு என்று ஒரு புத்தகம் சொன்னால் அது வியன்னாவின் கீடோ ஃபான் லிஸ்ட் 1908ல் வெளியிட்ட வரிசை, கண் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வையில்லாமல் இருந்த மாதங்களில் தனக்குத் தோன்றியதாக அவர் சொன்னது. கல்லில் கிடைத்த மிகப் பழைய வரிசையில் இருப்பவை 24. லிஸ்டின் இனவாதம் அவர் காலத்தோடு முடியவும் இல்லை. மறுபக்கம், 2016ல் பல ஹீத்தன் அமைப்புகள் சேர்ந்து, இனம் பார்த்து ஆட்களை விலக்கும் அமைப்போடு எங்களுக்கு உறவில்லை என்று பிரகடனம் 127ல் கையெழுத்திட்டன. ஹாவமால் என்ற பழைய வடபுலத்துக் கவிதையில், தீமையைக் கண்டால் வாய்திறந்து சொல் என்கிற செய்யுளின் எண் அது. ஆசிரியர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையென்றால் அவர் எந்த அமைப்பின் மேடைகளில் பேசுகிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மூலிகைப் புத்தகங்களில் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுப்பதில்லை. பென்னிராயல் என்ற புதினா வகையின் எண்ணெய் கல்லீரலைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். அதை உள்ளே சாப்பிடச் சொல்லிவிட்டு எச்சரிக்கை போடாத புத்தகம் எவ்வளவு அழகாக அச்சாகியிருந்தாலும் கழிவுப் பெட்டிக்குத்தான். சமீபத்தில் இந்தத் தொல்லை அதிகமாகிவிட்டது, கம்ப்யூட்டர் எழுதித் தள்ளுகிற புத்தகங்கள் வந்துவிட்டன. எழுதியவர் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஒரே மாதத்தில் மூலிகை, சந்திரன், மெழுகுவர்த்தி, ரூன் என்று வரிசையாக வெளியிட்டிருப்பார், எந்த விழாவிலும் எந்தக் கூட்டத்திலும் அவரைப் பார்த்தவர் கிடையாது. உள்ளே ஒவ்வொரு பத்தியும் வழவழவென்று ஒரே மாதிரி இருக்கும், இந்தச் செடியை இந்த மேட்டில் பறித்தேன், மழையில் நனைந்தேன் என்று ஓர் இடம் வராது. வாசகர்கள் வாங்கச் சொல்லிக் கேட்கும் புத்தகங்களில் இவை அடிக்கடி வருகின்றன, அப்போது அவர்களை உட்கார வைத்து ஆசிரியரை ஒன்றாகத் தேடுகிறோம். பேசிய பதிவு, பழைய கட்டுரை, அவரைத் தெரிந்த இன்னொரு ஆசிரியர், ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கிறவர்களுக்கு இப்போது இரண்டு புத்தகங்களைச் சேர்த்தே கொடுக்கிறேன், செய்து பார்க்கக் கன்னிங்ஹாம், எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஹட்டன். வாலியன்டே 1989ல் எழுதிய நினைவுக் குறிப்பு எங்களிடம் இல்லை. பக்கத்து ஊர் நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருகிறேன், ஒரு பிரதி வாங்கச் சொல்லிப் பரிந்துரையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.